மார்கழி மழையில் இளகாத பலகாரம், பிள்ளைகள் கையால் ஒரு அன்பளிப்பு

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு கல்லடியில். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 11, கூடவே மாமி இருக்கிறா. தவணை விடுமுறையில், நத்தாருக்கும் பொங்கலுக்கும் அயலட்டைக்கும் சொந்தக்காரருக்கும் கொடுக்க, கடையில் வாங்காமல் எல்லோருமாகச் சேர்ந்து வீட்டிலேயே ஏதாவது செய்ய ஆசை. போன வருடம் செய்து பார்த்ததில் முறுக்கு மூன்றாம் நாளே நமுத்துப்போனது. மில்க் டொபி கடதாசியோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் போனைத் தேடிப் போய்விட்டார்கள். கடைசியில் நீங்களும் மாமியும் சாமம் வரைக்கும் அடுப்படியில். இந்த முறை எதைச் செய்யலாம், எப்படிப் பொதி செய்யலாம், கொழும்பில் இருக்கிற அக்காவுக்கு பஸ்ஸில் அனுப்பினால் உடையாமல் போய்ச் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் செய்தது சித்திரைப் பலகாரம், செய்த மாதம் மார்கழி. அவ்வளவுதான் சங்கதி. நமது பக்கத்தில் பலகாரம் சுடுகிறதென்றால் பெரும்பாலும் சித்திரை வருடப்பிறப்பை வைத்துத்தான் பழகியிருக்கிறோம். அப்போது வெயில் எரிக்கும். இடித்த மா ஒரே பகலில் காய்ந்துவிடும், சுட்டதும் சுட்டபடியே கிடக்கும். மாரியில் கதை வேறு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புப் போத்தலை மூடாமல் விட்டால் விடியும்போது கசிந்து நிற்கிறதே, அதே காற்றுத்தான் முறுக்கையும் தொடுகிறது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் வாரக்கணக்கில் மொறுமொறுப்பாகக் கிடக்கிற பலகாரம், மார்கழியில் மூடியைத் திறந்து வைத்த ஒரு பின்னேரத்துக்குள் துவண்டுவிடும். சீனிக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. பொரித்த மாவுக்குள் தண்ணீர் போன துளைகள் வெறுமையாக இருக்கின்றன, ஈரக் காற்று அதற்குள் போய் இருந்துகொள்ளும்.

அதனால் நான் முதலில் மழையைப் பார்ப்பேன். பிறகு அன்பளிப்பை வாங்கப் போகிற ஆளைப் பார்ப்பேன். செய்முறை மூன்றாவதுதான். இணையத்தில் பார்க்கிற செய்முறை முக்கால்வாசியும் வேறு ஊர்க் காற்றுக்கு எழுதினது. அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை நாள் இருக்கும் என்று அதில் சொல்வதை நம்ப வேண்டாம்.

மாரிக்கு முதல் தெரிவு எள்ளுருண்டை. எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அந்த எண்ணெயே உருண்டையைப் பிடித்துவைக்கும், ஈரத்தையும் உள்ளே விடாது. பாகு காய்ச்சத் தேவையில்லை, கொதிக்கிற எண்ணெய் இல்லை, 6 வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயமில்லாமல் செய்யலாம். எள்ளு 500 கிராம், சர்க்கரை 300 கிராமிலிருந்து 350 கிராம் வரை, ஒரு சிட்டிகை உப்பு. பனங்கட்டி கிடைத்தால் சர்க்கரைக்குப் பதில் அதைப் போடுங்கள், வாசம் தனி. எள்ளைக் கல் மண் இல்லாமல் அரித்துக் கழுவி, வெயில் இல்லாத காலம் என்பதால் துணியில் பரப்பி இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். காலையில் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். படபடவென்று வெடிக்கத் தொடங்கினால் ஒன்றிரண்டை விரலுக்கிடையில் வைத்து நசித்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் இறக்கலாம், சப்பையாக ஒட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது.

வறுத்தது ஆறியதும் உரலில் போட்டு இடிக்கலாம். உரல் இல்லாத வீடென்றால் கிரைண்டரில் விட்டுவிட்டு அடிக்கலாம். இந்த இடத்தில்தான் மகளைக் கூப்பிட வேண்டும். எப்போது நிற்பாட்டுவது என்பது அவளுடைய பொறுப்பு. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரலை விரிக்கட்டும். உதிர்ந்தால் போதாது, பிடித்தபடியே நின்று கையில் இலேசாக எண்ணெய் மினுங்கினால் சரி, எண்ணெய் வழிந்தால் பிந்திவிட்டது. "அப்பம்மா, போதுமா?" என்று கேட்பாள். மாமி வந்து தொட்டுப் பார்த்து "இன்னும் ஒள்ளுப்பம் இடிபடட்டும் மகள்" என்பா. அந்த இரண்டு பேருக்கும் இடையில் நீங்கள் போகாதீர்கள். உருட்டுகிறது சின்னவன் வேலை. ஒரே அளவாக வராது, வரவும் வேண்டாம்.

சுற்றுகிற கடதாசியிலும் பாதி அழகு இருக்கிறது. கொழும்பு கண்டி வீதியில் வரக்காப்பொலையில் விற்கிற எள்ளுருண்டை பார்த்திருப்பீர்கள், வெள்ளைக் கடதாசியில் இரண்டு பக்கமும் குஞ்சம் வெட்டி முறுக்கியிருக்கும். வெள்ளை எண்ணெய்க் கடதாசியைச் சின்னத் துண்டுகளாக்கி, இரு ஓரத்தையும் ஒரு விரல் ஆழத்துக்கு நெருக்கமாக வெட்டினால் அந்தக் குஞ்சம் வரும். மழை பெய்கிற ஒரு முழுப் பின்னேரமும் பிள்ளைகள் கத்தரிக்கோலோடு இருப்பார்கள். இதை முதல் நாளே செய்து வையுங்கள். உருண்டை பிடிக்கிற அன்று கடதாசி வெட்டப் போனால் எல்லாம் குழம்பும்.

பிள்ளைகள் ஏன் போன முறை எழும்பிப் போனார்கள் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். நான் மனையியல் படிப்பித்த காலத்தில் கண்டது: கவனிக்காவிட்டால் பிழைத்துப்போகக்கூடிய வேலையைக் கொடுத்தால் பிள்ளை நிற்கும். கடைசியில் மேலே ஒரு பிளம்ஸ் வைக்கிற வேலையைக் கொடுத்தால் நிற்காது, அது வேலையில்லை என்று அதற்குத் தெரியும். நிறுக்கிறது, நேரம் பார்க்கிறது, பதம் பார்க்கிறது, கணக்கு எழுதுகிறது, இவைதான் பிள்ளை வேலை. கிளறுகிறது, பொரிக்கிறது, இறக்குகிறது பெரியாள் வேலை. நாங்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இனி மில்க் டொபி. இதை நீங்கள் கைவிட வேண்டாம். இந்தத் தீவில் எந்தச் சமயத்து வீட்டிலும் ஏற்றுக்கொள்கிற இனிப்பு இது. ஒரு ரின்பால், சுமார் 400 கிராம். சீனி 500 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, பட்டர் அல்லது மாஜரீன் 50 கிராம், நறுக்கிய கஜு 100 கிராம், ஏலக்காய்த் தூள். சீனியையும் தண்ணீரையும் முதலில் கொதிக்க விட்டு, சீனி ஒரு மணியும் இல்லாமல் கரைந்த பிறகுதான் ரின்பாலை ஊற்ற வேண்டும். கரையாத சீனி மணி ஒன்று மிஞ்சினாலும் போதும், ஆறும்போது முழுத் தட்டும் பொருபொருவென்று சீனி பூத்துவிடும். அதே காரணத்தால் தாச்சியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டித் தட்டில் போடக் கூடாது. ஓரத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்குத் தனியே கொடுங்கள், அதுதான் சம்பளம்.

பதம் பார்க்க ஒரு கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு விரலால் திரட்ட வேண்டும். கரைந்து பரவினால் நேரம் இருக்கிறது. மெதுவான உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்ததும் விரலில் தட்டையாகச் சரிந்தால் அது சாதாரண நாளுக்கான பதம், வெப்பமானி இருந்தால் 115 பாகை செல்சியஸ் அளவில் காட்டும். மழை நாளுக்கு அது போதாது. உருண்டை சரியாமல் தன் வடிவத்திலேயே நிற்கிற வரைக்கும், 117, 118 பாகை மட்டும் விட வேண்டும். காற்றிலிருந்து டொபி ஈரத்தை எப்படியும் இழுக்கப் போகிறது, அதற்கு இடம் விட்டு நாங்கள் முன்கூட்டியே இன்னும் கொஞ்சத் தண்ணீரை வற்றவைக்கிறோம். போன வருடம் உங்களுக்கு ஒட்டியது இந்த இரண்டு பாகையில்தான் என்று நினைக்கிறேன். இறக்கியதும் பட்டர் பூசிய தட்டில் ஊற்றி, கை சுடாத சூட்டில் வெட்டி, ஆறியவுடன், அடுத்த நாள் என்று விடாமல், அன்றைக்கே எண்ணெய்க் கடதாசியில் சுற்றி மூடியுள்ள தகரத்துக்குள் போட வேண்டும். திறந்த தட்டில் ஒரு இரவு கிடந்தால் மேலே வியர்த்துவிடும்.

சூடான பாகு பட்டால் கொதிதண்ணீரை விட மோசம். 100 பாகைக்கு மேலே நிற்கிறது, தோலில் ஒட்டியும் கொள்ளும். தண்ணீரில் விட்டு ஆறிய சொட்டைத் திரட்டுவது பிள்ளை, தாச்சியில் இருந்து சொட்டை எடுத்து விடுவது நீங்கள். சுட்டால் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, முட்டை, மஞ்சள் ஒன்றும் பூசக் கூடாது.

முறுக்குக்கு வருவோம். மாரியில் முறுக்கு சுடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுக்கிற நாளுக்கு முதல் நாள்தான் சுட வேண்டும். நத்தாருக்கென்றால் 24ஆம் திகதி காலை. கோதுமை மாவைத் துணியில் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூடாறுவதற்குள் கட்டி உடைத்து அரிதட்டில் அரியுங்கள். நம்முடைய ஆட்கள் காரணம் தெரிந்து செய்தார்களோ என்னவோ, ஆவியில் அவித்ததும் கோதுமையில் இழுபடுகிற பசைத்தன்மை செத்துவிடுகிறது. அவிக்காத மாவில் முறுக்கு றப்பர் மாதிரி இருப்பது அந்தப் பசையால்தான். அவித்த மா 500 கிராமுக்கு வறுத்து அரைத்த உழுத்தம் மா 100 கிராம், உப்பு, எள்ளு, ஓமம், விருப்பமென்றால் மிளகாய்த்தூள். மற்ற நாளில் தேங்காய்ப்பால் விட்டுக் குழைப்போம், மாரியில் விட வேண்டாம். தேங்காய்ப்பால் விட்டது சீக்கிரம் சிக்கு மணம் பிடிக்கும், தேங்காய் விற்கிற விலையில் அது மிச்சமும்தான். இரண்டு மேசைக்கரண்டி சூடான எண்ணெயை மாவில் ஊற்றிப் பிசறிவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழையுங்கள்.

பொரிக்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், குமிழியைப் பாருங்கள். எண்ணெயில் முறுக்கைச் சுற்றி எழும்புகிற குமிழி எல்லாம் மாவிலிருந்து ஓடுகிற தண்ணீர். குமிழி அடங்கிச் சத்தம் நின்றால்தான் தண்ணீர் போய் முடிந்தது. சிவந்துவிட்டது என்று குமிழி அடங்குமுன் எடுத்தால் உள்ளே ஈரம், அது தகரத்துக்குள் மற்றதையும் கெடுக்கும். அதனால் நெருப்பு நடுத்தரமாக இருக்க வேண்டும். வடிய வைக்கப் பத்திரிகைக் கடதாசி வேண்டாம், அச்சு மை எண்ணெயில் ஊறும். சுளகில் வெறும் கடதாசி போட்டு அதன் மேல் வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகும், ஆறிய பிறகும் வெளியே விட்டால் மழைக்காற்று ஏறும். கை வைத்தால் சூடு தெரியாத அந்த நேரத்தில் மூடிவிட வேண்டும். தப்பித்தவறி நமுத்தால் வீச வேண்டாம், எண்ணெய் இல்லாத தாச்சியில் மெல்லிய நெருப்பில் பரப்பிப் பிரட்டி எடுத்தால் மறுபடி மொறுமொறுக்கும்.

பொதிக்கு ஒரு பழைய கைவேலை இருக்கிறது, வீட்டிலிருந்து பலகாரம் செய்து கடைக்குப் போடுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மெழுகுதிரி ஒன்று, இரும்பு அறுக்கிற வாளின் அலகு ஒன்று. பொலித்தீன் பையின் வாயை அலகின் மேல் ஒரு நூலளவு வெளியே நிற்க மடித்துப் பிடித்து, சுவாலையின் ஓரத்தில் ஒரே வேகத்தில் இழுத்தால் அந்த நூலளவும் உருகி ஒட்டிக்கொள்ளும். நின்றால் ஓட்டை, அவசரப்பட்டால் ஒட்டாது. மகள் வெறும் பைகளில் பழகட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஒட்டிய பையைத் தண்ணீருக்குள் அமத்திப் பார்த்துக் குமிழி வருகிறதா என்று சோதிக்கிற வேலை தம்பிக்கு. அவனுக்கு அது விளையாட்டு, உங்களுக்கு அது தரப் பரிசோதனை.

கொடுக்கப் போகிற வீட்டை யோசிக்கிற பகுதி இது. நத்தார் வருகிற காலம் சைவ வீடுகளில் நோன்புக் காலமும்தான். கார்த்திகை, மார்கழியில் விநாயகர் பெருங்கதை 21 நாள் நடக்கும், அதைத் தொட்டுத் திருவெம்பாவை வரும். மச்சம் ஒதுக்கி, காலையில் முழுகிக் கோயிலுக்குப் போகிற வீட்டுக்கு முட்டை போட்ட கேக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சங்கடப்படுவார்கள். அந்த வீடுகளுக்கு எள்ளுருண்டையோ டொபியோ தனிப் பெட்டியில் போகட்டும். முறுக்கென்றால் மீன் பொரித்த எண்ணெயில் சுடாததாக இருக்க வேண்டும். முஸ்லிம் வீடுகளுக்கு ஜெலட்டின் போட்ட ஜெலி, மார்ஷ்மெலோ, பிராந்தியில் ஊறிய ரிச் கேக் ஒன்றும் வேண்டாம். எசன்ஸ்களிலும் மதுசாரம் கலந்து வருவதுண்டு, அதனால்தான் மேலே டொபிக்கு வெனிலா சொல்லாமல் ஏலக்காய் சொன்னேன். ஆரையம்பதியும் காத்தான்குடியும், காரைதீவும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் வேலியோடு வேலி ஒட்டிய ஊர்கள். பெருநாளைக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பமும் தொதலும் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்தக் கரையில் இல்லை. அந்தப் பாத்திரத்துக்குள் எது போகலாம் எது போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் இந்த வேலையோடு வேலையாகத் தெரிந்துவிடும்.

நத்தாருக்கு லவ் கேக் செய்யலாமா என்று கேட்பீர்கள். ரவை, கஜு, சீனி, பட்டர், முட்டை, பூசணி இனிப்பு, தேன், பன்னீர், சாதிக்காய், எல்லாம் கனமான சாமான். அதனாலேயே வாரக்கணக்கில் கெடாது, மழைக்கும் பயப்படாது. மட்டக்களப்பில் பறங்கியர் வீடுகளில் நத்தார் என்றால் இது இல்லாமல் இருக்காது. சுவை தெரிய வேண்டுமென்றால் அப்படி ஒரு வீட்டு லவ் கேக்கைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். கஜு விலையில் ஒரு தட்டுப் பிழைத்தால் மனம் உடையும். கஜுவைக் குறைத்துக் கச்சான் போட்டு லவ் கேக் என்று பெயர் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கஜு பற்றி ஒன்று: கோதோடு மலிவாகக் கிடைக்கிறதென்று பிள்ளைகளை வைத்துச் சுட்டு உடைக்க வேண்டாம். கோதுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைப் பொக்களிக்க வைக்கும், சுடுகிற புகையும் கண்ணுக்கு ஆகாது.

தொதலை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மணிக்கணக்கில் கை மாற்றி மாற்றிக் கிண்ட ஆள் பலம் வேண்டும். கொக்கிசும் அப்படித்தான், அச்சை எண்ணெயில் முக்கி எடுக்கிற வேலையில் பிள்ளைக்கு இடமே இல்லை. பயற்றம் பணியாரம் செய்வதென்றால் தேங்காய்ப்பூவை ஈரமே இல்லாமல் பொன்னிறமாக வறுக்கும் பொறுமை இருந்தால் மட்டும் செய்யுங்கள். மாரியில் முதலில் பூஞ்சணம் பிடிப்பது தேங்காய்ப்பூதான்.

அன்பளிப்பு என்றால் இனிப்புத்தான் என்றும் இல்லை. மாரியில் எல்லா வீட்டிலும் ஒருவராவது தடிமன், இருமல். மல்லி 250 கிராம், வேர்க்கொம்பு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி. மூன்றையும் தனித்தனியே இளஞ்சூட்டில் வாசம் வர வறுத்து, ஒன்றாகக் கரகரப்பாக அரைத்து, ஈரமில்லாத சிறு போத்தலில் அடையுங்கள். இரண்டு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு ஒரு கோப்பையாக வற்றவைத்துக் குடிக்கலாம். சீனி வருத்தம் உள்ள மாமா, பெரியப்பாவுக்கு டொபி கொடுத்துச் சங்கடப்படுத்துவதை விட இது நல்லது. தேன் சேர்த்துக் கொடுக்க நினைத்தால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று தாளில் எழுதிவிடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து வருகிற தேன் நல்ல தேனா என்று தண்ணீரில் விட்டும் எறும்புக்கு வைத்தும் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைகளை நம்ப முடியாது. தெரிந்த ஆளிடம் வாங்குவதுதான் சோதனை.

பொங்கலுக்கு நான் சொல்கிறது சமைத்த சாமான் இல்லை, பொங்கல் பொதி. பச்சையரிசி 500 கிராம், வறுத்து உடைத்த பயறு 100 கிராம், ஒரு சிறு சுருளில் ஏலக்காய், இன்னொன்றில் கஜுவும் பிளம்சும். சர்க்கரை 400 கிராமைத் தனியே பொலித்தீனில் கட்டி வையுங்கள். அரிசியோடு சேர்த்தால் இளகி எல்லாவற்றையும் பிசுபிசுக்க வைக்கும். நிறுக்கிறதும் பொதி கட்டுகிறதும் முழுக்கப் பிள்ளைகளே செய்யலாம். ஜனவரி முற்பகுதியில் வெள்ளம் ஏறி இறங்கிய வீடுகளுக்கு இப்படி ஒரு பொதி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கும் கூச்சம் இருக்காது, பொங்கலுக்குத்தானே என்று வாங்கிக்கொள்வார்கள்.

பெட்டிக்குப் பனையோலை நல்ல தெரிவு. ஆனால் விடுமுறை தொடங்கிய பிறகு குட்டான் இழைக்கப் பழகி நத்தாருக்குள் பத்து வீட்டுக்குப் பெட்டி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். மூலை மடக்குகிற இடத்தில் கை பழக மாதங்கள் எடுக்கும். சாயமில்லாத வெறும் பெட்டிகளை இழைக்கிற பெண்களிடமே சொல்லி வாங்குங்கள், கார்த்திகைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் செய்யக்கூடியது அதன் மேல் கட்டுகிற அலங்காரம்: ஓலையை ஒரே அகலச் சாராகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மூன்று சாரை வைத்துப் பின்னல், நாலு சாரை வைத்து நட்சத்திரம். உலர்ந்த ஓலையை ஊறவைக்காமல் மடித்தால் முறியும். வாங்கிய பெட்டியை அடுப்படிச் சூட்டில் ஒரு நாள் வைத்து எடுங்கள், மாரி ஓலையில் கறுப்புப் புள்ளி விழும். பலகாரத்தை நேரே ஓலையில் வைக்காமல் உள்ளே எண்ணெய்க் கடதாசி விரியுங்கள், சாயம் போட்ட ஓலையென்றால் கட்டாயம் விரிக்க வேண்டும். ஓலை கிடைக்காவிட்டால் தையல்காரரிடம் மருதமுனைச் சாரத் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, மாமி கையால் சுருக்குப் பை தைத்துத் தரலாம். அந்தக் கட்டமும் கோடும் போட்ட கைத்தறித் துணிக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. துணிப் பை ஈரத்தை மறிக்காது, ஆதலால் உள்ளே ஒட்டிய பொலித்தீன், வெளியேதான் துணி.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கட்டும்: பெயர், செய்த திகதி, எதற்குள் கஜு, கச்சான், எள்ளு, முட்டை, பால் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மகள் எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தப் போகாதீர்கள், திகதி மட்டும் சரியாக இருந்தால் போதும்.

நாள் ஒழுங்கு இப்படி வரும். டிசம்பர் முதல் வாரத்தில் மல்லித் தூளும் பெட்டியும். கடதாசிக் குஞ்சம் மழை பெய்கிற எந்தப் பின்னேரத்திலும். 20ஆம் திகதி போல எள்ளுருண்டை, 22 அல்லது 23இல் டொபி, 24 காலை முறுக்கு. ஒரு நாளைக்கு ஒரு சாமானுக்கு மேல் வேண்டாம். போன வருடம் சாமம் வரைக்கும் நின்றது எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டதால்தான். மாமியை அடுப்புக்கு முன்னால் நிற்பாட்டாதீர்கள், கதிரை போட்டு இருத்துங்கள். பதம் சொல்வதற்குத்தான் அவ வேண்டும்.

கொழும்புக்கு அனுப்புகிற விஷயம். 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ், குலுக்கலுக்குக் குறைவில்லை. எள்ளுருண்டைக்கு ஒன்றும் ஆகாது. டொபியும் உடையாது, ஆனால் என்ஜின் பக்கத்திலோ கீழே சாமான் அறையிலோ வைத்தால் சூட்டில் இளகும். தெரிந்த ஆள் போனால் மடியில் அல்லது மேல் தட்டில் கொண்டுபோகச் சொல்லுங்கள். தகரத்துக்குள் இடைவெளி இல்லாமல் கசக்கிய கடதாசியை அடைந்துவிடுங்கள், ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கக் கூடாது. அக்கா அங்கிருந்து அவுஸ்திரேலியாவில் இருக்கிற ஆட்களுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால், எந்த உணவையும் விமான நிலையத்தில் அறிவித்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், மறைத்தால் தண்டம் கட்டவேண்டி வரும். முறுக்கை அனுப்பவே வேண்டாம். அவித்து அரித்து நன்றாக ஆறிய மாவையும் உழுத்தம் மாவையும் எள்ளு, ஓமம், உப்போடு கலந்து, பொலித்தீனில் ஒட்டி ஒரு கிலோவாக அனுப்புங்கள். எவ்வளவு சூட்டு எண்ணெய், எவ்வளவு தண்ணீர், குமிழி அடங்குகிற மட்டும் பொரிக்க வேண்டும் என்று மகள் ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கட்டும். அக்காவின் பிள்ளைகள் அங்கே பிழிந்து கொள்வார்கள்.